துச்சில் தேடுவோர்: தமிழ்ப் புனைகதையில் வாடகை அறை

திருக்குறளில் நிலையாமையைப் பேசும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் 'துச்சில்' என்றொரு சொல் வருகிறது. பிறர்க்குரிய இடத்தில் ஓரமாக ஒதுங்கி வாழும் இருப்பிடம் என்பது அதன் பொருள். உடம்புக்குள் உயிர் தங்கியிருக்கும் நிலைக்கு உவமை தேடிய வள்ளுவர் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார். தனக்கென ஓர் இல்லம் இல்லாமல் மற்றொருவர் வீட்டின் மூலையில் ஒண்டியிருப்பவனின் மனநிலை அந்நாளிலேயே எல்லார்க்கும் தெரிந்திருந்தாலன்றி அந்த உவமை விளங்கியிராது. இன்று நாம் 'ஒண்டுக் குடித்தனம்' என்றும், 'போர்ஷன்' என்றும், 'மேன்ஷன் அறை' என்றும் சொல்லுவன எல்லாம் அந்தத் துச்சிலின் வழித்தோன்றல்களே.

இத்தகைய இருப்பிடத்தை நம் காலத்துத் தமிழ்ப் புனைகதையும் திரைப்படமும் எவ்வாறு கண்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வேலை தேடியும் கல்வி நாடியும் பிள்ளைகளை நகரத்துக்கு அனுப்பும் குடும்பங்களுக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. பையன் ரயிலேறிய நாள் முதல், 'தங்க இடம் கிடைத்துவிட்டது' என்ற செய்தி வரும் வரை, தாயின் நெஞ்சு படும் பாட்டை அறியாத வீடு நம்மிடையே உண்டோ?

உள்ளே இருப்போரின் கதை

முதற்கண், தமிழ் எழுத்தாளர்கள் இப்பொருளைப் புறக்கணித்தனர் என்று சொல்வது நன்றி மறந்த கூற்றாகும். மணிக்கொடிக் காலத்திலேயே புதுமைப்பித்தன் 'ஒரு நாள் கழிந்தது' என்னும் சிறுகதையில் சென்னையின் ஒட்டுக் குடித்தனத்தை எள்ளலோடு காட்டிவிட்டார். வறுமையில் உழலும் எழுத்தாளன், அவன் மனைவி, அவர்களுடைய சிறு பெண். இவர்கள் ஒரு பகலைக் கடத்துவதே கதை. வீட்டின் அமைப்பைச் சொல்லும்போது ஆசிரியரின் பேனா வீட்டுச் சொந்தக்காரரின் மனப்பாங்கையும் சேர்த்துக் கிள்ளிவிடுகிறது. இடநெருக்கடி என்பது செங்கல்லும் சுண்ணாம்பும் பற்றிய செய்தி மட்டுமன்று, மனிதனை மனிதன் எவ்வளவு இடத்துக்கு உரியவனாக மதிக்கிறான் என்னும் செய்தி என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1970களின் தொடக்கத்தில் வந்த புதினம். சென்னையின் ஒரு தெருவில் நீர் வறண்டுபோன நாட்களில் ஜமுனா, சாயா என்னும் சகோதரியர் வாழ்க்கையை அது சொல்கிறது. குடமும் பம்பும் வரிசையும் சண்டையுமாகச் செல்லும் அந்தப் புதினத்தில் குடியிருப்போரின் சிறுமைகளும் பெருமைகளும் ஒரு சொல்லும் மிகாமல் பதிவாகியுள்ளன.

திலீப் குமாரின் 'தீர்வு' சிறுகதை, சௌகார்ப்பேட்டை ஏகாம்பரேஸ்வரர் அக்ரகாரத்தில் பல குஜராத்திக் குடும்பங்கள் சேர்ந்து வாழும் ஒரு கட்டடத்தைக் களமாகக் கொண்டது. கிணற்றில் எலி விழுந்துவிட, ஒரே நீரை நம்பியிருக்கும் அத்தனை குடும்பங்களும் கலங்குகின்றன. தூய்மைக்கு வழி காணும் அவர்களுடைய முயற்சி சிரிப்பையும் சிந்தனையையும் ஒருங்கே எழுப்புகிறது. சேர்ந்து வாழ்தல் என்பது ஒருவர் மற்றவர் நம்பிக்கைகளுக்கும் பங்காளியாவது என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன கதைகள் குறைவு.

திரையில் பார்த்தால், கே. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' (1968) முதலில் நினைவுக்கு வரும். பல குடித்தனங்கள் உள்ள வீட்டின் மாடிப்படிக்கு அடியில் ஒண்டிக்கொண்டு, எல்லார்க்கும் எடுபிடி வேலை செய்து, அதற்கு ஈடாகக் கிடைக்கும் உணவில் கல்லூரிப் படிப்பைத் தொடரும் அநாதை மாதுவாக நாகேஷ் நடித்தார். 'மாடிப்படி மாது' என்ற பெயரே அவன் முகவரியாகிவிட்டது. மனிதனுக்கு அவன் தங்கும் இடமே பட்டமாக ஒட்டிக்கொள்ளும் கொடுமையை நகைச்சுவை உறையில் சுற்றிக் கொடுத்த படம் அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே இயக்குநரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980), டில்லியில் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் வேலையற்ற இளைஞர்களின் பசியைக் காட்டிற்று.

இவையெல்லாம் உயர்ந்த ஆக்கங்கள். ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. இவற்றின் மாந்தர்கள் பெரும்பாலும் கதை தொடங்கும்போதே உள்ளே இருக்கிறார்கள். இடம் குறுகலாக இருக்கிறது, தண்ணீர் வரவில்லை, வாடகை பாக்கி நிற்கிறது, வயிறு காய்கிறது. ஆனாலும் இடம் என்று ஒன்று இருக்கிறது. அந்த இடத்துக்குள் நுழையும் முன் வாசலில் நின்றவனை இவை அவ்வளவாகக் காணவில்லை.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) இதற்கு ஓரளவு விலக்கு. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யவேண்டிய நெருக்கடி வந்ததும், சுதா என்னும் வேலைக்குச் செல்லும் பெண் வாடகை வீடு தேடி அலைகிறாள். கட்டுப்படியாகும் வீடு கிடைக்கவில்லை. தேசிய விருது பெற்ற இந்தப் படத்தில் அந்த அலைச்சல் உண்மையாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் கதை விரைவிலேயே சொந்த வீடு கட்டும் துயரத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது; வாசல் வாசலாக ஏறி இறங்கிய காலடிகள் முன்னுரையாகவே நின்றுவிடுகின்றன.

வாசலில் நடக்கும் உரையாடல்

இடம் தேடும் கட்டத்தில் அப்படி என்ன பெரிய கதை இருக்கிறது என்று கேட்கலாம். நகரத்தின் உண்மையான முகம் தெரிவது அந்த ஒரு கணத்தில்தான் என்பது நம் மறுமொழி.

தரகர் முன்னே நடக்கிறார். தேடி வந்தவன் பின்னே நடக்கிறான். 'வாடகைக்கு' என்ற பலகை வாசலில் தொங்குகிறது. வீட்டுக்கார அம்மையார் அறையைத் திறந்து காட்டுகிறார். குழாயில் நீர் வரும் நேரத்தைச் சொல்கிறார். மின் கட்டணம் தனி என்கிறார். முன்பணம் பத்து மாதம் என்கிறார். எல்லாம் இனிதே நடக்கிறது. பிறகு, போகிற போக்கில் கேட்பது போல, பெயர் என்ன என்று கேட்கிறார். பெயர் சொன்னதும் முகத்தில் ஒரு சிறு மாற்றம். 'அவர் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன்' என்கிறார். மறுநாள் தரகர், 'உறவுக்காரர் யாரோ வருகிறார்களாம்' என்கிறார். பலகை மட்டும் இன்னும் இரண்டு வாரம் அங்கேயே தொங்குகிறது.

இதில் வசைச்சொல் இல்லை. கதவை அறைந்து சாத்திய ஒலி இல்லை. மோர் கொடுத்து உபசரித்தும் அனுப்பியிருக்கலாம். மறுப்பு முழுவதும் மரியாதை என்னும் மெல்லிய துணியால் போர்த்தப்பட்டிருக்கிறது. 'எந்த ஊர்?', 'என்ன ஆட்கள்?', 'சமையலில் கவிச்சி உண்டா?', 'வீட்டில் பெரியவர்கள் யாரும் வருவார்களா?' என்பன தனித்தனியே பார்த்தால் குற்றமற்ற கேள்விகள். சேர்த்துப் பார்த்தால் ஒரு சல்லடை. அந்தச் சல்லடையில் முஸ்லிம் இளைஞன் மட்டுமா நிற்கிறான்? தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை நிற்கிறான். கணவனை இழந்த பெண் நிற்கிறாள். வடகிழக்கிலிருந்து வேலைக்கு வந்த பெண் நிற்கிறாள். மணமாகாதவன் என்ற ஒரே காரணத்துக்காக நல்ல குடும்பத்துப் பையனும் நிற்கிறான்.

ஒரு புனைகதையாசிரியனுக்கு இதைவிடச் செழிப்பான களம் வேறெது? சொன்ன சொல்லுக்கும் சொல்லாத பொருளுக்கும் இடையே உள்ள தொலைவே கதைக்கலையின் உயிர். அந்தத் தொலைவு முழுவதும் ஒரு வாசற்படியின் அகலத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது.

சட்டம் நின்றுவிடும் இடம்

சட்டம் இதற்குத் துணை வராதா எனின், அது எந்த எல்லை வரை வருகிறது என்பதையும் நோக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதற்கு மாற்றாக 2017இல் இயற்றப்பட்ட சட்டம் 2019இல் செயலுக்கு வந்தது. எழுத்து வடிவில் ஒப்பந்தம் வேண்டும் என்றும், இருவரும் வேறு வகையில் ஒப்புக்கொண்டாலன்றி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகலாகாது என்றும் அது சொல்கிறது. இவை பயனுள்ள விதிகளே. ஆனால் குடியிருப்பவர், குடியமர்த்தியவர் என்ற உறவு ஏற்பட்ட பின்னர்தான் அந்தச் சட்டம் பேசத் தொடங்குகிறது. உறவே ஏற்படாமல் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவன் அதன் கண்ணுக்கு எட்டாதவன்.

அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு மதம், சாதி முதலிய காரணங்களால் அரசு வேற்றுமை பாராட்டலாகாது என்கிறது; கடை, உணவு விடுதி, பொதுக் கிணறு ஆகியவற்றிலும் அத்தகைய தடை கூடாது என்கிறது. தனியார் ஒருவர் தம் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அகமதாபாத்தில் பார்சி சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்புரிமை என்று விதி வகுத்திருந்த ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

சட்டம் இன்னும் விரிந்து வளர்ந்தாலும் ஒரு தடை நிற்கும். 'உறவினர் வருகிறார்' என்ற சொல்லைப் பொய்யென்று எந்த நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது? மரியாதையோடு செய்யப்பட்ட மறுப்பு சாட்சியத்தை விட்டுச்செல்வதில்லை. திரும்பி நடப்பவனுடைய நெஞ்சில் மட்டுமே அது பதிகிறது. சாட்சியில்லாத துன்பத்துக்குச் சாட்சி சொல்வதற்கென்றே இலக்கியம் பிறந்தது. ஆகவேதான் இந்த வாசலை நம் எழுத்தாளர்கள் எழுத வேண்டும் என்கிறோம். அவர்கள் எழுதாவிடில் அது நடந்ததற்கு அடையாளமே இராது.

நம் புனைகதையில் வீடு

இனி நம் சமுதாயத்து எழுத்துக்கு வருவோம். தமிழ் முஸ்லிம் புனைகதை வீட்டைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறது. தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. பழம்பெருமையில் மூழ்கிய முஸ்தபாக்கண்ணு, மூதாதையர் விட்டுச்சென்ற பெரிய வீட்டின் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்று தீர்க்கும் காட்சிகளில் ஒரு குடிவழியின் வீழ்ச்சியே நம் கண்முன் நிகழ்கிறது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004), வீட்டுச் சுவர்களுக்குள் பெண்கள் வாழும் வாழ்வை அஞ்சாமல் திறந்து காட்டியது.

இவற்றில் வரும் வீடுகள் சொந்த வீடுகள். பரம்பரையும் நினைவும் ஏறிய வீடுகள். அதற்குக் காரணமும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் வீடு பெண்மக்களுக்கு உரியது; மணமகன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வது வழக்கம். ஆண் சபர் செல்வான். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், பின்னாளில் வளைகுடா என்று கடல் கடந்து பொருளீட்டுவான். வீடு ஊரில் நிலைத்திருக்கும். சபராளி மட்டும் பெயர்ந்துகொண்டிருப்பான். அவன் அங்கே எந்தப் பாயில் படுத்தான், எத்தனை பேரோடு ஓரறையைப் பங்கிட்டான் என்பதைக் கடிதத்தில் எழுதமாட்டான். 'நலமே இருக்கிறேன்' என்று முடித்துவிடுவான். வீட்டார் மனம் வருந்தலாகாது என்ற அன்பே அந்த மௌனத்துக்குக் காரணம். ஆனால் கடிதத்தில் தொடங்கிய மௌனம் கதையிலும் தொடர்ந்துவிட்டது. சபராளியின் அறை நம் இலக்கியத்துக்குள் வராமலே போயிற்று. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சிறுகதைகள் இருக்கலாம். தனித்ததொரு கிளையாக அது வளரவில்லை என்பதே நம் கருத்து.

அந்த அறைக்குள் எத்தனை கதைகள் உறங்குகின்றன! ஊர்க்காரன் ஒருவனின் தயவில் ஒரு மாதம் தங்க வந்தவன், அடுத்த மாதமும் நகராவிட்டால் எழும் சங்கடம். வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கும்போது, பகலில் உறங்குபவனும் இரவில் உறங்குபவனும் ஒரே பாய்க்குப் பங்கு கொடுக்கும் விந்தை. நோன்பு மாதத்தில் ஸஹருக்காக விடியுமுன் அடுப்பு மூட்டுகிறவனுக்கும், இரவுப்பணி முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்த பிற சமயத்து நண்பனுக்கும் இடையே எழும் மனத்தாங்கல், சில நாளில் அந்த நண்பனே அலாரம் வைத்து எழுப்பிவிடும் கனிவு. வாலாஜா பள்ளிவாசலும் பார்த்தசாரதி கோயிலும் ஒருங்கே அமைந்த திருவல்லிக்கேணியின் மேன்ஷன் அறைகளில் பல்வேறு ஊரும் சமயமும் சார்ந்த இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிச் சென்றிருக்கிறார்கள். இத்தகைய கலப்பு வாழ்வை எழுதாமல் நல்லிணக்கத்தைப் பற்றி மேடையில் பேசி என்ன பயன்?

வீட்டுக்காரரும் மனிதரே

இப்பொருளை எழுதத் துணிவோர்க்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. கொடியவராகிய வீட்டுக்காரர், குற்றமற்ற குடிவருவோன் என்று இரண்டு பொம்மைகளைச் செய்து மோதவிட்டால் அது கதையாகாது, துண்டு வெளியீடாகும். படிப்பவர் கண்ணீர் சிந்துவார். எதையும் புதிதாக அறியமாட்டார்.

வாடகை வருவாய் ஒன்றையே நம்பி வாழும் முதிய விதவையை எண்ணிப் பாருங்கள். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் அவருக்கு உண்டு. அவர் மனத்தில் வெறுப்பு இல்லாமலும் இருக்கலாம். பிறருடைய வெறுப்புக்கு அஞ்சுகிற கோழைத்தனம் மட்டும் இருக்கலாம். மறுத்து அனுப்பிய இரவில் அவருக்கு உறக்கம் வந்ததா? அதை எழுதுபவனே கலைஞன்.

ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' (1973) இங்கே நமக்கு நல்ல அளவுகோல். பெற்றோர் யாரென்று அறியாத ஹென்றி, தன்னை வளர்த்த சபாபதிப் பிள்ளையின் பூட்டிக் கிடந்த வீட்டைத் தேடிக் கிருஷ்ணராஜபுரம் வருகிறான். சாதியும் குலமும் கேட்டுப் பழகிய ஒரு சிற்றூர், எந்தக் கேள்விக்கும் வழக்கமான விடை தராத ஒருவனைப் படிப்படியாகத் தன்னவனாக்கிக்கொள்கிறது. அந்த ஊரார் தேவர்களும் அல்லர், அரக்கர்களும் அல்லர். ஐயுற்று, விசாரித்து, பழகி, பின்னர் நெகிழ்கிறார்கள். அந்த நெகிழ்ச்சிக்கு நாம் உடன்படுவதற்குக் காரணம் ஆசிரியர் அவர்களுடைய ஐயத்தையும் மறைக்காமல் காட்டியதே. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஹென்றிக்கு உரிமையுள்ள வீடு ஒன்று அங்கே இருந்தது. உரிமை எதுவுமின்றி, மாத வாடகையும் நல்லொழுக்கமும் மட்டுமே கைக்கொண்டு வருகிறவனை ஏற்கும் ஊர் எது என்ற வினாவுக்கு அந்தப் புதினத்தில் விடை தேட முடியாது. அதை அடுத்த தலைமுறைதான் எழுத வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். நம் தெருக்களிலும் வீடுகள் வாடகைக்கு விடப்படுகின்றன. அங்கே வாசலில் நிற்பவர் யார்? வேற்றூர்க்காரர் என்று ஒருவரை, இன்ன ஜமாஅத் என்று ஒருவரை, பிற சமயத்தவர் என்று ஒருவரை, தலாக் ஆகிக் கைக்குழந்தையோடு வந்தவள் என்று ஒரு பெண்ணை, நாமும் இதே மென்மையான சொற்களால் திருப்பி அனுப்புவதில்லையா? 'ஆண்துணை இல்லாத வீட்டுக்கு விட்டால் பேச்சு வரும்' என்ற சொல் நம் பெரியவர்கள் வாயிலும் புழங்குவதுதானே? தனக்கு இழைக்கப்பட்ட மறுப்பை மட்டும் எழுதி, தான் இழைத்த மறுப்பை விட்டுவிடும் இலக்கியம் பாதி இலக்கியம். மறுபாதியைப் பிறர் எழுதினால் நமக்குச் சினம் வரும்; நாமே எழுதினால் நமக்கு மதிப்பு வரும்.

எழுத வேண்டியவை

இப்பொருள் நமக்குப் புதிதன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மூன்றாம் காண்டத்துக்குப் பெயரே ஹிஜ்றத்துக் காண்டம். பிறந்த ஊரில் இருக்க முடியாமல் வேறோர் ஊரில் இடம் தேடிச் சென்ற வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாக்கிய மரபு நம்முடையது. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா சென்றபோது, தத்தம் இல்லத்தில் தங்குமாறு பலரும் வேண்டினர். ஒட்டகத்தை அதன் போக்கில் விடுமாறு பெருமானார் பணித்தார்கள். அது நின்ற இடத்துக்கு அருகே இருந்த அபூஅய்யூப் அன்சாரி (ரலி) அவர்களின் வீடு விருந்தினரை ஏற்றது. அகதிகளாய் வந்த முஹாஜிர்களை அன்சாரிகள் தம் வீட்டிலும் பொருளிலும் பங்காளிகளாக்கிக்கொண்டனர். சொற்பொழிவுகளில் இவ்வரலாற்றைக் கேட்டு உருகுகிறோம். ஆனால் அதன் மையம் ஒரு வாசற்கதவு என்பதையும், அது திறந்தது என்பதையும், திறந்தவர் தம் இடநெருக்கடியைக் காரணம் காட்டவில்லை என்பதையும் நம் கதாசிரியர்கள் ஏன் இன்றைய வாழ்வோடு பொருத்திப் பார்க்கவில்லை?

நம் இளம் எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரின் கடலையும் தோப்பையும் பழைய மாளிகையையும் எழுதியது போதும் என்று நாம் சொல்லவில்லை. அவற்றோடு இரண்டாள் படுக்கும் அறையில் ஐவர் படுத்த கதையையும் எழுதுங்கள். பெயரைச் சொன்ன பிறகு ஒரு முகம் மாறியதை எழுதுங்கள். மாறாமல் இருந்த முகத்தையும் எழுதுங்கள். அத்தகைய முகங்களும் உண்டு, இல்லாவிடில் இத்தனை இலட்சம் பிள்ளைகள் இந்த நகரங்களில் எங்கே வாழ்ந்திருப்பர்? எல்லாவற்றுக்கும் மேலாக, வாடகைக்கு விடும் வீட்டின் உட்புறம் நின்று, கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று தயங்கும் கையை எழுதுங்கள். அந்தக் கை நம்முடையதாகவும் இருக்கலாம்.

வாசக அன்பர்களுக்கும் ஒரு சொல். நகரத்திலிருந்து பிள்ளை பேசும்போது 'சாப்பிட்டாயா?' என்று கேட்கிறோம். 'இடம் தேடிய நாட்களில் என்ன நடந்தது?' என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நாளைய இலக்கியம் அந்த விடையிலிருந்து தொடங்கக்கூடும்.